ஒரு பல் தள்ளி மாட்டிய பெல்ட்

திருப்பாதிரிப்புலியூர்
12.7.2009

சிரஞ்சீவி அறிவுமதிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடலளவில் நலம், பூனாவில் நீயும் மருமகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் தங்கை இசைவாணிக்கு மேல்பட்டாம்பாக்கம் பள்ளியில் வேலை உறுதியாகிவிட்டது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். பேசினால் என் குரல் உயரும், நீ அந்தக் குரலுக்கு மட்டும் பதில் சொல்வாய். ஆகவே எழுதுகிறேன்.

நம் காரைப் பற்றியது. நீ ஊருக்கு வந்திருந்தபோது எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன் ரிங் மாற்றி, மறுபடி பூட்டியவர் மெக்கானிக் ராபர்ட். "எனக்கு டீசல் வண்டிதான் கைப்பழக்கம் தம்பி, இந்த டைமிங் பெல்ட்ட மட்டும் நீங்களே போட்டுடுங்க, நான் ஸ்பேனர் புடிக்கிறேன்" என்று அவர் மறைக்காமல் சொன்னபோது நான் அருகில் நின்றேன். நீ போட்டாய். கார் கம்பெனியில் அதையே பிறருக்குக் கற்பிக்கிறவன் நீ. கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மேல் சக்கரத்தின் குறியும் கீழ்ச் சக்கரத்தின் குறியும் நேரே வந்து நிற்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் மூட வேண்டும் என்று அன்று காலை எங்களுக்கு விளக்கியவனும் நீயே. அதற்குள் உன் மாமனார் பட்டு வேட்டியுடன் வந்து, பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குமுன் சிதம்பரத்துக்குக் கிளம்பியாக வேண்டும் என்றார். ராகுகாலத்தில் உனக்கு நம்பிக்கை கிடையாது. ஆயினும் அவரைக் காக்க வைக்க மனமின்றி, கிராங்க்கைச் சுற்றிக் குறிகளைப் பார்க்காமலே மூடியைப் போட்டாய். புதுச்சத்திரத்தில் கார் உதறி நின்றதையும், தன் வண்டிகளை ராபர்ட்டிடமே விட்டுவந்த பழனிவேலின் வாடகை வேனை வரவழைத்து நீங்கள் கோயிலுக்குப் போனதையும், மறுநாள் நீ ரயிலேறியதையும் நான் குறையாக எண்ணவில்லை. தவறு எவருக்கும் நேரும்.

இழுத்து வந்த காரை ராபர்ட் நம் வாசலிலேயே வைத்துப் பார்த்தார். பிளக்கைக் கழற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பி வைத்தார், பெல்ட்டின் பக்கம் மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது தம்பி போட்டது சார், அதப் போயி சந்தேகப்படுறதா" என்றார். பார்ப்பதற்கு வேறொன்றும் மிஞ்சாத பிறகு, சென்ற வியாழனன்று மூடியைத் திறந்தோம். மேல் சக்கரம் குறியிலிருந்து ஒரு பல் பின்தங்கி நின்றது. அப்போதும் அவர், பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரைத் தான் முறுக்கும்போது அசைந்திருக்கும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்நேரம் தெருவில் வந்த பழனிவேல் வேனை நிறுத்தி, ராபர்ட்டிடம், "என்னா மச்சான், புரொபசர் கார் இன்னும் எழுந்திரிக்கலியா? நீ பெல்ட்ட கோணையா மாட்டிட்டன்னு அவுரு புள்ளையே அன்னிக்கு மாமனார வச்சிக்கினு சொன்னாரு. அதான் என் வண்டி எல்லாத்தயும் வேற ஷெட்டுல உட்டுட்டேன்" என்று சிரித்தார். ராபர்ட் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கடிதத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. பெல்ட்டை மாட்டியவன் என் மகன், ராபர்ட்டுக்கு அதில் பங்கில்லை என்று பழனிவேலிடம் அங்கேயே சொன்னேன். அவர் நம்பவில்லை. "பெத்த புள்ளைய உட்டுக்குடுத்து மெக்கானிக்கக் காப்பாத்துறீங்களே, இந்த மனசு யாருக்கு சார் வரும்" என்று கைகூப்பிவிட்டுப் போனார். முப்பது ஆண்டு பாடம் நடத்தியவன், நான் சொன்ன உண்மைக்காகவே பெருந்தன்மைக்காரன் என்று பெயர் வாங்கி, தலை குனிந்து நின்றேன். ராபர்ட் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப போட்டவரே வந்து மாட்டட்டும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர், பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. கார் மூடி திறந்தபடி நிற்கிறது. உன் அம்மா வாசலுக்குக் கோலம் போடப் போகும்போது அதைப் பார்ப்பதில்லை.

வேறு மெக்கானிக்கை நான் கூப்பிடப் போவதில்லை. என் சொல் பழனிவேலிடம் எடுபடாது, உன் சொல் ஒன்றே எடுபடும். இம்மாதக் கடைசியில் உன் மாமனார் அங்கு வருகிறார் என்று மருமகள் சொன்னாள். அவர் பக்கத்தில் இருக்கும்போதே பழனிவேலைத் தொலைபேசியில் அழைத்து, மாட்டியது யார் என்று சொல். அதற்கு முன்போ, மாடியில் தனியே நின்றோ சொல்வதாயின் சொல்லவே வேண்டாம்.

மழைக்காலம், பைக்கில் நிதானமாகப் போ. மருமகளுக்கு எங்கள் ஆசிகள். உனக்கும் உண்டு, அவற்றை நிறுத்தி வைக்க ஒரு தகப்பனால் ஆகாது. அழைத்துப் பேசிவிட்டேன் என்று எனக்குத் தெரிவிக்கத் தேவையில்லை. ராபர்ட் நம் வாசலுக்கு வரும் நாளில் நானே அறிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் தந்தை
வே. தட்சிணாமூர்த்தி