ஏழாவது படி யார் தலையில்?

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் ஒரு முன்பல். பார்சல் கொண்டுவருகிற ஆள். கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும்போது எப்படி உடைந்தது என்று கேட்டேன். “அந்த மஞ்சக் கட்டடத்துல படி தடுக்கிடுச்சுங்க. ‘ஏழாவது படியா? புதுசா வர்றவங்க எல்லாரும் அங்கதான் விழுவாங்க’ன்னு சொல்லித் தண்ணி குடுத்தாங்க” என்றான், உதட்டில் கைக்குட்டையோடு.

பல் டாக்டருக்கு ஒரே குஷி. “அந்தப் படியைக் கட்டினவர் கையைப் பிடிச்சுக் குலுக்கணும்மா!”

அந்தக் கை போய் இரண்டு வருஷமாகிறது, டாக்டர். என் வீட்டுக்காரருடையது.

மார்ச் 4, புதன்

அது தெரியாமல் வந்த தப்பு இல்லை. வேண்டுமென்றே கட்டியது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டடத்துக்காரன், அங்கே கொத்தனார் வேலை பார்த்த இவரை நாலு பேர் முன்னால் “டேய்” என்று கூப்பிட்டுவிட்டான். அன்று சாயங்காலமே இவர் ஏழாவது படியை மட்டும் இரண்டு விரல் உயர்த்திப் பூசிவிட்டு வந்தார். “தினமும் தடுக்கி விழட்டும், அப்பத் தெரியும் நான் யாருன்னு” என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவன் ஒருநாள்கூட அங்கே குடியிருக்கவில்லை. விற்றுவிட்டான். அப்புறம் அவனும் போய்ச் சேர்ந்தான். கோபப்பட்டவரும் இல்லை, வாங்கிக்கொள்ள வேண்டியவனும் இல்லை. நடுவில் எவனோ பார்சல்காரன் பல்லை விட்டுவிட்டுப் போகிறான்!

மார்ச் 8, ஞாயிறு

மகளிடம் போனில் கேட்டேன். செத்த பிறகும் ஒவ்வொரு பல்லுக்கும் அப்பாதான் பொறுப்பா?

“அம்மா, அவரே போயிட்டாரு. விடேன்.”

அவர் போனார், சரி. படி போச்சா? உயிரோடு இருந்தபோது நல்ல மனுஷன்தான். அந்தப் படிக்கப்புறம் எத்தனை நல்லது செய்தாரோ, அதெல்லாம் அவரோடு நின்றுவிட்டது. இது ஒன்று மட்டும் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்கே இருக்கிறாரோ, ஒருத்தன் விழும்போதெல்லாம் அவரை எழுப்பி நிற்க வைத்துக் கேட்பார்களோ? அந்த மனுஷனுக்கு மதியத் தூக்கம் கெட்டாலே ஆகாது.

மார்ச் 14, சனி

லீவு போட்டுவிட்டு அந்தப் படிக்கட்டில் போய் நின்றேன். வருகிறவர்களிடம் சொல்லலாமே என்று. கேஸ் அடுப்பு ரிப்பேர்காரர் ஏறினார். “ஏழாவது! பாத்து!” என்று கத்தினேன். மனுஷர் பயந்துபோய் ஐந்தாவது படியிலேயே விழுந்தார்.

மார்ச் 15, ஞாயிறு

அந்த ஐந்தாவது படி யார் தலையில்?

மார்ச் 21, சனி

குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். கட்டினது என் வீட்டுக்காரர்தான் என்று முதல்முறையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“எங்களுக்குப் பழகிடுச்சும்மா. விருந்தாளிங்களுக்காக செவப்பு பெயின்ட் கூட அடிச்சுப் பாத்தோம். பெயின்ட்டப் பாத்துக்கிட்டே விழுறாங்க.”

இடித்துச் சரிசெய்து தருகிறேன் என்று மன்றாடினேன். சரி என்றார்.

மார்ச் 29, ஞாயிறு

கொழுந்தனும் கொத்தனார்தான். உளியோடு வந்தார். முதலில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். இம்மி பிசகவில்லை. உயரத்தில்தான் வஞ்சம், மட்டம் சுத்தம். “கோவத்துலயும் மட்டம் பாத்திருக்காரு அண்ணி” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன்.

மத்தியானத்துக்குள் எல்லாப் படியும் ஒரே உயரம். இனி அவரை யாரும் எழுப்பமாட்டார்கள்.

ஏப்ரல் 1, புதன்

ஐயோ. ஐயோ.

மூன்று நாளில் பதினொரு பேர். வெளி ஆள் ஒருவர்கூட இல்லை, எல்லாரும் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள்! செயலாளர் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். “இருபது வருஷமா அந்த எடத்துல காலத் தூக்கியே பழக்கம். இப்பவும் தூக்குறோம். தூக்கின காலு எங்கம்மா போய் நிக்கும்?”

டாக்டர் கூடுதலாக இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டார். நான் பதினொரு டோக்கன் கொடுத்தேன். ஒருத்தர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

மனு வந்திருக்கிறது. பதினாறு வீட்டுக் கையெழுத்து. படியை மறுபடி உயர்த்த வேண்டுமாம். “பழையபடி, அதே அளவில்.”

ஏப்ரல் 12, ஞாயிறு

கொழுந்தன் கலவையைக் குழைத்து வைத்துக்கொண்டு கையைக் கட்டி நின்றார்.

“அண்ணி, தெரியாத ஆளு விழுவான்னு தெரிஞ்சே கட்டுறமே. இது பாவமில்லையா?”

“பாவந்தான்.”

“அண்ணன் தலையில—”

“உங்க அண்ணன் கட்டினத நாம ஒடைச்சாச்சு. அது போச்சு. இது நான் சொல்லிக் கட்டுறது. பூசுங்க.”

கரண்டியை எடுத்தார். பூசினார்.

ஏப்ரல் 24, வெள்ளி

மஞ்சள் கட்டடத்து மூன்றாம் மாடிக்குக் குடிவந்தவரின் அக்கா. கீழ் உதடு கிழிந்து, ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. வலியில் அழுதுகொண்டே, “எந்தப் புண்ணியவான் கட்டினானோ அந்தப் படிய!” என்றார்.

டோக்கனை நீட்டினேன்.

“நான்தாங்க” என்றேன்.