கருங்கல் மதகின் முரசு கேளாது போனது பற்றித் தென்கரை அதிபருக்கு

மலையும் ஆறும் நம்மைக் காப்பனவாகுக. வெண்கோட்டு நாட்டுப் பேரரசியார் அரிவைநங்கையாரின் வெண்குடை நிழல் எல்லைக் குடிசை வரை குளிர்வதாகுக. அவர் ஆணையால் செய்திமாடத்தை ஆளும் அமைச்சன் நெடுங்குன்றத்து வயிரமேகன், தென்கரை மண்டலத்தின் அதிபரும் மூன்று துறைமுகங்களின் காவலருமாகிய பொற்சேந்தனார்க்கு வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் கோட்டை உறுதியாக நிற்கவும், தங்கள் குடிகள் நோயின்றி வாழவும் வேண்டுகிறேன்.

தங்கள் ஓலை கிட்டியது. யான் தலைநகரின் செய்திமாடத்தைப் பாதிச் செலவில் நடத்திக் காட்டியதாகப் புகழ்ந்து, அதே வழியில் தங்கள் மாடத்திலும் முரசு கேட்போரில் பாதிப்பேரை ஐப்பசி முதல் நாள் விலக்கப்போவதாகத் தெரிவித்திருந்தீர்கள். அந்தப் புகழுரையை என்னால் முழுதும் படித்து முடிக்க இயலவில்லை. நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன். பொறுமையுடன் கேட்டருள வேண்டும்.

முப்பத்தாறு குன்றுகளில் காவற்சாவடிகள் உள்ளன. எந்தச் சாவடியில் முரசு முழங்கினாலும், அடுத்தடுத்த குன்றுகள் அதை வாங்கி முழங்க, எங்கள் மாடத்தில் அமர்ந்திருப்போர் கேட்டு, உதவி அனுப்புவர். பன்னிருவர் அப்பணியில் இருந்தனர். மழை பொய்த்த ஆண்டில் செலவைப் பாதியாக்குமாறு பேரரசியார் பணித்தபோது, எழுவரை விலக்கி ஐவரை வைத்துக்கொள்ள யான் முடிவு செய்தேன். விலக்கப்பட்டோருள் ஒருத்தி எயினி. பத்தொன்பது ஆண்டுகள் கேட்போர்க்குத் தலைவியாக இருந்தவள். ஆதலால் ஊதியமும் அவளுக்கே மிகுதி.

அவள் என்முன் வந்து நின்று, “ஐயா, ஆளைக் குறைக்கும் முன்னே ஓசையைக் குறையுங்கள். வழியில் மாடு படுத்தாலும் முழக்குகிறார்கள், வணிகன் வந்தாலும் முழக்குகிறார்கள்; முழக்காவிட்டால் தண்டம் என்று சட்டம் வைத்திருக்கிறீர்கள். நூறு முழக்கத்தில் பத்துக்குத்தான் நாங்கள் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. மற்றதை நிறுத்திவிட்டால் ஏழு பேரே போதும். அதைச் செய்யாமல் எங்களை அனுப்பினால், மிச்சம் இருப்பவர்களுக்கு எதுவுமே கேட்காது” என்றாள். தன் வேலைக்காகப் பேசுகிறாள் என்று எண்ணி, அவளை அன்றே வீட்டிற்கு அனுப்பினேன்.

எட்டுத் திங்கள் தீங்கேதும் நிகழவில்லை. அவையில் எனக்குப் பொற்பூச் சூட்டினார்கள். தாங்கள் கேள்வியுற்ற புகழ் அந்நாளையது.

கார்த்திகை மழையில் எல்லாச் சாவடிகளும் ஒருசேர முழங்கலாயின. கருங்கல் மதகுச் சாவடியின் காவலன் அந்துவன், ஏரி நீர் ஏறுகிறது என்று பதினொரு நாள் நாழிகைதோறும் முழக்கி வந்தான். சட்டம் அவ்வாறு பணித்தது. பன்னிரண்டாம் நாள் முற்பகலில் கரை பிளக்கிறது என்று முழக்கினான். மாடத்தில் இருந்த பிட்டன் என்பவன், மாற்றாள் இன்றி இரண்டு முறைப்பணிகளைத் தொடர்ந்து பார்த்தவன், அதையும் பழைய செய்தி என்று கொண்டான். அந்துவன் மும்முறை முழக்கினான். அதன்பின் அந்த முரசு ஒலிக்கவே இல்லை. மற்ற முரசுகளின் இரைச்சலில், ஒன்று ஓய்ந்ததை ஒருவரும் உணரவில்லை. உச்சிப்பொழுதில் ஏரி உடைந்து, கீழே இருந்த குறும்பூரை வாரிச் சென்றது. அறுபத்து மூவர் இறந்தனர். அந்துவன் தப்பி ஓட வழியிருந்தும் முரசடியை விட்டு அகலாமல், முதலில் சரிந்த கரையோடு போனான் என்று, எதிர்க்குன்றில் நின்ற இடையர் கூறினர்.

அவையோர் பிட்டனைச் சிறையிட்டனர்; அவன் செவிகளை அறுக்க வேண்டும் என்றும் சிலர் உரைத்தனர். அதிபரே, யான் நான்கு நாள் வாய் திறவாதிருந்தேன். உண்டேன், உறங்கினேன், அவைக்கும் சென்றேன். ஐந்தாம் நாள்தான் எழுந்து, ஐவரைக் கொண்டு பன்னிருவர் பணியை நடத்தச் சொன்னது என் ஆணை என்று ஒப்புக்கொண்டேன். பிட்டன் விடுவிக்கப்பட்டான். அவன் என்னிடம், “மூன்று தடவையும் என் காதில் விழுந்ததய்யா, மனத்தில்தான் விழவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றான். மீண்டும் வேலைக்கு வரவில்லை.

எயினியைத் தேடி யானே நடந்து சென்றேன். சுண்ணாம்புச் சூளையில் கூலிக்கு நின்றாள். என்னை ஏசுவதால் குறும்பூருக்கு ஒரு பயனும் இல்லை என்றும், ஒரு திங்களில் வந்த முழக்கங்கள் எழுதிய ஏடுகளைக் கொண்டுவரும்படியும் கூறினாள். நாலாயிரத்துச் சொச்சம் முழக்கங்களில், மாடம் எழுந்து செயல்பட வேண்டியிருந்தவை முந்நூற்றுப் பத்தே.

அதன்பின் அவள் சொன்னபடி செய்தோம். சிறு தொல்லைகளைச் சாவடியாரே தீர்த்து, வாரம் ஒருமுறை ஓலையில் எழுதினால் போதும். ஒரே செய்தியை ஒருமுறைக்கு மேல் முழக்கலாகாது. நிலை மோசமானால் அதற்கு வேறு தாளம். நலமாயிருக்கும் சாவடியும் ஒவ்வொரு முறைப்பணி தொடங்கும்போதும் ஓரடி அடிக்கும். அது கேளாவிட்டால் குதிரை புறப்படும். அபாயத் தாளம் கேட்டவர், அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திராமல் தாமே ஆளனுப்பலாம். இப்போது எழுவர் பணி செய்கின்றனர், ஓய்வும் பெறுகின்றனர். செலவு முன்னையதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. பேரரசியார் கேட்ட சிக்கனம் கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. அதை என்முன் வந்து சொன்னவளைத்தான் யான் முதலில் வெளியே அனுப்பினேன்.

ஆகவே பேரரசியாரின் பெயரால் ஆணையிடுகிறேன். ஐப்பசியில் ஒருவரையும் விலக்கலாகாது. ஒரு திங்கள் முழுதும் தங்கள் மாடத்தில் கேட்கும் ஒவ்வொரு முழக்கமும், அதற்கு எவர் எழுந்தார் என்பதும் எழுதப்படுக. இவ்வோலையுடன் எயினி வருகிறாள். அவளுக்குத் தங்கள் அவையில் இருக்கை தருக. அவள் சொல் தங்களுக்குக் கசந்தால், கசந்த சொல்லையே முதலில் எழுதிக்கொள்க.

இன்னொன்று. குறும்பூரில் எஞ்சியோர், மழையே தங்களை அழித்தது என்று இன்றும் நம்புகின்றனர். அவர்களிடம் எவரும் வேறு சொல்லவில்லை. வரும் முழுமதி நாள் காலையில், அவர்கள் குடியேறியுள்ள மேட்டில், இவ்வோலையின் படி ஒன்று உரக்கப் படிக்கப்படும். படிக்கப்போகிறவன் யானே. அதன்பின் இந்த இலச்சினை எவர் கையில் இருக்கும் என்று அறியேன். அதுவரை இது செல்லும்.

செய்திமாடத்து முரசு இலச்சினை பொறித்து, புரட்டாசித் திங்கள் ஏழாம் நாள், நெடுங்குன்றத்து வயிரமேகன் தன் கையால் எழுதியது. கண்டவுடன் நடத்துக.