கையூன்றாமல் எழுந்தால்

சின்னாளபட்டி
12.2.88

அன்புள்ள சூர்யகலா அக்காவுக்கு,

இதை அத்தானிடம்கூடக் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிந்தால் என் படிப்பு நின்றுவிடும். எல்லோரும் தூங்கிய பிறகு தறிக்கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

பொங்கல் கழித்துத் தம்பி பரணியை மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். தறிக்குழியில் இறங்கினால் அவன் தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தானே எழுவான்? சோம்பேறி என்று நாம் சிரித்தோமே, அது சோம்பல் இல்லையாம். அவன் கெண்டைக்கால் திரட்சியைக் காட்டி, "எம்மகன் சிலம்பம் ஆடப் பொறந்தவன்" என்று அப்பா ஊரெல்லாம் சொன்னாரே, அதுவும் பலம் இல்லையாம். சதை செத்து அங்கே கொழுப்பு சேருகிறதாம். தீபாவளிக்கு நீ வந்தபோது சுவரைப் பிடித்தாவது நடந்தான். இப்போது தரையில் நகர்ந்துதான் போகிறான்.

பரணியை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் டாக்டர் எங்களிடம் சொன்னார். தாய்வழியாக வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிக்கிற நோயாம். எந்த ஜீனில் கோளாறு என்று வெளிநாட்டில் போன வருஷம்தான் கண்டுபிடித்தார்களாம். அம்மா எழுந்து நின்று டாக்டரைக் கும்பிட்டாள். "அப்ப மருந்து வந்துருச்சா சாமி?" என்று கேட்டாள். காரணம்தான் தெரிந்திருக்கிறது, மருந்து இல்லையம்மா என்றார். கல்யாணமான மகள் இருந்தால் அவளிடமும் சொல்லச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது, பரணி தூங்கியதும் அப்பா சொன்னார். "மூத்தவ காதுக்கு இது போகக்கூடாது. தெரிஞ்சா அவ மாமியார் வீட்டுல மறுநாளே அவளப் பெட்டியோட பஸ் ஏத்தி விட்டுருவாக."

நானும் இத்தனை நாள் உனக்கு எழுதாமல்தான் இருந்தேன். நேற்று உன் கடிதம் வந்தது. நான்தான் உரக்கப் படித்தேன். குட்டி ஸ்ரீஹரிக்கு மாமனின் கெண்டைக்கால் அப்படியே வந்திருக்கிறது, தொட்டால் கல் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். பரணிக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவன் மட்டும் சிரித்துக்கொண்டே தன் காலைத் தடவிப் பார்த்தான்.

அக்கா, குட்டியைத் தரையில் உட்காரவைத்து, மிட்டாயைக் காட்டி எழச் சொல். கையூன்றாமல் எழுந்தால் ஒரு கார்டு போடு. 'குட்டி சுகம்' என்று மட்டும் எழுது, போதும். கையை ஊன்றினால் எழுதாதே. நான் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த முருகன் உன்னை

கதவை யாரோ தட்டுகிறார்கள். அப்பா இல்லை. சத்தம் கீழே, தரையோரத்திலிருந்து