ஒரு ‘எல்’ குறைந்த செய்தி

மாப்ள,

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிற்கிறேன். பக்கத்தில் ஒருவரின் செல்போன் கீச்சிட்டது. எஸ்எம்எஸ்ஸைப் படித்தார், உச்சுக் கொட்டினார், கையோடு நாலு பேருக்குத் தள்ளிவிட்டார். உன் நினைப்பு வந்துவிட்டது.

சிம்மக்கல்லில் நம் மாலைப் பத்திரிகை ஆபீஸ். நீ நிருபர், நான் பக்கம் வடிவமைப்பவன். உனக்கு ஆகாத ஒரே சொல் ‘கூறப்படுகிறது’. யார் எழுதி வந்தாலும், “எந்தப் பய கூறுனான்? அவனுக்குப் பேரு கெடையாதா?” என்று தாளைத் திருப்பி எறிவாய்.

அந்த இடைத்தேர்தல் சமயம், ஒரு மத்தியானம் எல்லார் செல்லிலும் ஒரே எஸ்எம்எஸ். ஆங்கில எழுத்தில் தமிழ்: கோச்சடையில் கொலை, எதிர்க்கட்சிக்காரன் வேலை. கடை ஷட்டர்கள் மடமடவென்று இறங்கின. நீ மொபெட்டை எடுத்துக்கொண்டு கோச்சடைக்கே போனாய். சிரித்துக்கொண்டே திரும்பினாய்.

“கொலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடா. மளிகைக் கடைப் பூட்ட ஒடச்சுத் திருடியிருக்காய்ங்க. கொள்ளை! எவனோ ரெண்டு ‘எல்’ அடிக்கிற எடத்துல ஒண்ண முழுங்கிட்டான்.”

எதிர்க்கட்சி என்பது கைமாறிய வழியில் எவனோ ஒட்டியது.

முதலாளி சிரிக்கவில்லை. “ஊரே கொலைங்குது. பூட்டு ஒடஞ்ச கதைய எவன்யா வாங்குவான்? கூறப்படுகிறதுன்னு போடு. போஸ்டர் அடிக்கணும்.”

“செத்தவன் பேரு என்னண்ணே? சொல்லுங்க, போட்டுர்றேன்” என்றாய் நீ.

வேறொருவன் எழுதினான். பத்திரிகை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அடுத்த வாரம் உன்னைப் பற்றியே எஸ்எம்எஸ் வந்தது: காசு வாங்கிக்கொண்டு கொலையை மறைத்த நிருபர். அனுப்பியவன் யாரென்று இல்லை. உன் பெயரில் மட்டும் ஒரு எழுத்துப் பிழை இல்லை. மறுப்புப் போடச் சொல்லிக் கேட்டாய். “நம்ம பத்திரிகையில வந்திருந்தா மறுப்புப் போடலாம். செல்லுல வந்ததுக்கு நான் என்ன பண்ண?” என்றார் முதலாளி. அதையே சாக்காக வைத்து உன்னை வேலையை விட்டு அனுப்பினார். மற்ற பத்திரிகைகளும் கதவைத் திறக்கவில்லை. டீக்கடையில்கூட, “என்னண்ணே, எம்புட்டு குடுத்தாய்ங்க?” என்று கண்ணடித்தார்கள்.

செல்போன் வந்துவிட்டது, இனி முதலாளிமார் செய்தியை அமுக்க முடியாது, சனங்களே பேசுவார்கள் என்று நாம் எவ்வளவு பேசினோம்! என்ன கிழிந்தது? முன்பு பொய்யை அச்சடிக்க அவர்களுக்கு மையும் தாளும் தேவைப்பட்டன. இப்போது அந்தச் செலவும் இல்லை. சனங்களே சுமந்துபோய்ச் சேர்க்கிறார்கள்.

“திருப்பூருக்குப் போறேன்டா. பனியன் தைக்கிற எடத்துல எவனும் பேரு கேக்க மாட்டான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். ஒரு நாள் காலையில் உன் தம்பி எஸ்எம்எஸ் அனுப்பினான், அதே ஆங்கில எழுத்தில்: “அண்ணன் போயிருச்சு.”

கிளம்பிவிட்டாய் என்று நிம்மதியானேன். “ரொம்ப நல்லது” என்று பதில் போட்டேன்.

தம்பி உடனே கூப்பிட்டான். “என்னண்ணே... நல்லதுங்குறீங்க?”

தூக்கத்திலேயே நெஞ்சடைப்பு என்றார்கள். நம்பாமல் ஓடி வந்து பார்த்தேன். நமக்கு வந்த செய்திகளில் அது ஒன்றுதான் உண்மை.

இப்போது டீக்கடைக்காரரிடம் செல்லை நீட்டிக் காட்டுகிறார் பக்கத்து ஆள். உன் கேள்வி ஒன்றுதான் என்னிடம் மிச்சம். கேட்டுவிட்டேன்: “யாருண்ணே சொன்னது?”

“எல்லாருக்கும் வந்திருக்குல்ல தம்பி” என்றார்.