திரு இருதயம் என்று நாங்கள் கும்பிட்ட தாள்

இஞ்சாருங்கோ,

எந்த அறையில் இருந்தாலும் இந்த ஒரு சொல்லுக்கு வந்துவிடுவீர்கள். ஆகவே இப்படியே தொடங்குகிறேன்.

முதலில் சிரிப்பான செய்தி. இங்கே பார்க்டேலில், வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்ற ஒரு யாட் சேலில், நடுவில் சிவப்பு இதயமும் இரு பக்கமும் பறவைகளும் பூக்களுமாக ஒரு படம் வாங்கிவந்து, "ஜெர்மன்காரற்றை திரு இருதயம்" என்று மாட்டினீர்களே? அதன் முன்னால்தானே இத்தனை காலமும் செபமாலை சொன்னோம்? போன மாதம் மேல்மாடி ஜெர்மன்காரி ஹில்டா தேநீருக்கு வந்தவள், அதைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள். இதயத்துக்குள் இருப்பது செபமே அல்ல என்றாள். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன்காரர் பிள்ளை பிறந்தால் எழுதுவித்து வைத்த ஞானஸ்நானத் தாள் அது. கத்தரினா என்ற ஒரு குழந்தையிடம் மன்றாடியிருக்கிறோம்!

மகள் ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்பா வைச்ச நேர்த்தி எல்லாத்தையும் அந்தப் பிள்ளை எப்பிடியம்மா தாங்கினது?"

நான் ஹில்டாவை விடவில்லை. வரிவரியாக வாசிக்கச் சொன்னேன். தகப்பன், தாய், தாய் பிறந்த குடும்பத்தின் பெயர், ஊர், ஞானப்பெற்றோர். கோயில் புத்தகம் தொலைந்த இடங்களில் முன்னோரைத் தேடும் பிள்ளைகளுக்கு இப்படியொரு தாள்தான் சாட்சி. தாய்வீட்டுப் பெயர் வேறெங்கும் கிடைக்காமலும் போகும் என்றாள். ஆனால் சில தாள்கள் பிள்ளை வளர்ந்த பிறகு ஞாபகத்தில் எழுதுவித்தவை, திகதியைக் கண்மூடி நம்பக் கூடாது என்றும் சொன்னாள். அந்த எச்சரிக்கை எனக்குப் பிடித்தது.

ஏனென்றால் இரண்டாவது செய்தி வேறு. நீங்கள் கண்மூடிய பிறகு ஊரில் சண்டை முடிந்துவிட்டது. எங்கள் கோயில் ஷெல்லடியில் எரிந்து, ஞானஸ்நானப் புத்தகங்களும் போய்விட்டன. உங்கள் பெயரும் உங்கள் தம்பி அன்ரனின் பெயரும் இருந்த பக்கம் இன்று இல்லை. அன்ரனும் சண்டையின் கடைசிக் கிழமையில் சனத்துக்குள் குடும்பத்தைப் பிரிந்தவன்தான். பிறகு கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே கன்னியர் மடத்தில் பழகிய கையெழுத்தை வெளியே எடுத்தேன். தடித்த தாள், கறுத்த மை, நடுவில் ஒரு இதயம். அவர்களுடைய துலிப் பூவுக்குப் பதிலாகச் செவ்வரத்தை. உங்கள் இருவரின் பிறப்பு, பெற்றோர், மாமியின் தாய்வீடு, ஞானப்பெற்றோர் எல்லாம் எழுதினேன். உறுதியாகத் தெரியாத எதையும் எழுதவில்லை. நீங்கள் இறந்த திகதியையும் எழுதினேன்; அன்ரனின் இறந்த திகதிக்கான கடைசி வரியில் பேனை நின்றது.

"சண்டை முடிஞ்ச நாளைப் போட்டுவிடுங்கோவன், அம்மா. கனபேர் அப்பிடித்தான் போடீனம்."

"ஆர் கண்டது?"

"ஆரும் காணேல்லைத்தான்..."

"காணாத சாவை நான் எழுதமாட்டன்."

முகாமிலிருந்து வெளியே வந்திருக்கும் அவன் மனைவி மேரியிடம் போனில் கேட்டேன். "அக்கா, அந்த இடத்தை விட்டுவிடுங்கோ. வெறுமையாக் கிடக்குதெண்டு பூவும் கீறிப்போடாதேங்கோ" என்றாள்.

விட்டிருக்கிறேன். அன்ரன் அங்கே உங்களிடம் வந்துவிட்டானா? அது உங்களுக்குத்தான் தெரியும்.

கத்தரினாவை நான் சுவரிலிருந்து இறக்கவில்லை. நம் தாளை அவளுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அவன் சாவைக் கண்ட ஒருவர் என் முன்னால் வந்து சொல்லும்வரை அந்த இடம் வெள்ளையாகவே இருக்கும். எனக்குப் பிறகும் அதை யாரும் நிரப்பக் கூடாதென்று ஜெசிந்தாவிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். அவன் உயிரோடு வந்தால், அந்த இடத்தில் அவனே தன் கையால் ஒரு பூக் கீறட்டும்.

உங்கள் மனைவி,
அன்ரனின் அண்ணி,
றெஜினா