முருகனுக்குக் கொடுத்த பேனை

வெள்ளவத்தை, வெள்ளிக்கிழமை இரவு.

முருகா, இன்று உன் கோயிலிலேயே கைவைத்துவிட்டேன்.

மரம் கடையப் பழகிய புதிதில் செய்த முதல் பேனையைக் கோயில் ஐயருக்குக் கொடுத்திருந்தேன். அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் அவர் அந்தப் பேனையால்தான் எழுதுவார். நடுவில் தொந்தி வைத்த பேனை. இப்போது என் கை நன்றாகத் திருந்திவிட்டது. அதைப் பார்த்தாலே வெட்கமாக இருக்கிறது. மெல்லிசாகக் கடைந்து தருகிறேன் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! "சாமிக்குத் தந்ததைத் திருப்பிக் கேக்கிறியளே அக்கா?" என்று ஐயர் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார். இன்று அவர் தீபம் காட்டத் திரும்பிய நேரம் பார்த்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பின்னேரம் ஐயரே போன் எடுத்தார். "அக்கா, உங்கட பேனையைக் காணேல்லை. வேற பேனை கைக்குச் சரிவருதில்லை."

"முருகன் காட்டுவார் ஐயா," என்றேன். வாய் கூசவில்லை.

மகள் பக்கத்தில் நின்றாள். "அம்மா, முருகனிட்டையே களவெடுத்திட்டு அவரையே தேடச் சொல்லுறியளோ?"

பிறகு பேனையைக் கடைசல் மெஷினில் பூட்டினேன். தொந்தியில் ஐயரின் விரல் பட்டுப் பட்டு ஒரு தடம் விழுந்திருக்கிறது. அதற்குள் குங்குமம் ஊறி மரமே சிவந்திருக்கிறது. உளி வைத்தால் இரண்டும் தூளாகப் போய்விடும். கழற்றிவிட்டேன்.

இதை அந்தப் பேனையால்தான் எழுதுகிறேன். என் விரலும் அந்தத் தடத்தில்தான் போய் இருக்கிறது.

விடியப் பூசைக்கு முன் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேசைக்குக் கீழே கிடந்தது என்று சொல்லலாம்தான். ஆனால் நீ பார்த்துக்கொண்டு நிற்பாயே, முருகா.