உன் அம்மா கோசோத் தீவில் காணாமல் போன கதை

பாபடோயிட்டோய்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மருமகள் லக்ஷிகாவுக்கு,

உன் மாமா ஏரம்பமூர்த்தி ஆக்லாந்திலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடும் வாயோடும் இருக்கிறோம். டனீடின் குளிரில் நீயும், மாப்பிள்ளை வெற்றியும், வயிற்றுக்குள் இருக்கிற அந்த மூன்றாவது ஆளும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் பிள்ளையாரோடு சண்டை பிடித்துக் கேட்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் மாமா காகிதத்தில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். இந்த வீட்டுச் சுவர்கள் பிஸ்கட் மாதிரி. நான் மெதுவாகக் கதைத்தாலே அக்காவுக்குக் கேட்கும். அதோடு எனக்கு மெதுவாகக் கதைக்கவும் தெரியாது. அவ இப்போது கோயிலுக்குப் போயிருக்கிறா. வர முன்னம் எழுதி ஒட்டிவிட வேண்டும். எழுத்துப் பிழை பார்க்காதே. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது உண்மை. ஆனால் ஹெட்மாஸ்டர் தன் சொந்தக் கடிதங்களை என்னைக் கொண்டுதான் எழுதுவித்தவர்.

நான் கப்பலில் போய்வந்த விசயம் உனக்குத் தெரியும். ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றி இறக்கின வேலையை விட்டபோது, இனி விமானங்கள் எப்படிப் பறக்கும் மூர்த்தி என்று மனேஜர் என் தோளில் விழுந்து அழுதவர். அந்தக் கையோடுதான் மத்தியதரைக் கடல் கப்பலுக்கு டிக்கட் எடுத்தேன். கபின் ரெண்டு பேருக்கு. எனக்குப் பெண்சாதி இல்லை. அக்காவைக் கேட்டேன். பாதி உலகம் தாண்டி வர உடனே ஓம் என்றா. டனீடினுக்கு ரெண்டு மணித்தியாலப் பறப்பு, அதற்கு மட்டும் ரெண்டு வருசமாக அவவுக்குக் கால் எழும்பவில்லை.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை இந்தியாக்காரப் பெடியன் என்ற கோபம் ஒரு கிழமையில் போய்விட்டது. உங்கள் ரெஜிஸ்டர் கலியாணத்தை அடுத்த வீட்டுக் கஜந்தினியின் போனில் படமாகப் பார்த்தாவே, அதுதான் இன்னும் போகவில்லை. பெற்றவளுக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொன்னாள் என்று ஒரு தரம் சொன்னா. பிறகு அந்தக் கதையே இல்லை.

சரி, தீவுக்கு வருகிறேன். கப்பல் மால்டாவில் கட்டிய காலை, எல்லாரையும் கொடி பிடித்த ஒரு பெட்டைக்குப் பின்னால் வரிசையாக பஸ்ஸில் ஏற்றினார்கள். எனக்கு அந்த ஆட்டுப்பட்டி வேலை சரிவராது. அக்கா, நாங்கள் தனியப் போவம், நான் இருக்கிறேன் என்றேன். நீ இருக்கிறதுதான் எனக்குப் பயம் என்றா. ஆனாலும் வந்தா. பக்கத்தில் கோசோ என்று ஒரு சின்னத் தீவு. அதற்குப் படகு எடுத்தோம். நடுக்கடலில் படகு ஆடின ஆட்டத்தில், படகோட்டி என் முகத்தைப் பார்த்துத்தான் தைரியம் எடுத்தான்.

படகில் ஒரு கிழவி உன் அம்மாவின் சேலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தா. ரெண்டு பேரும் அரைகுறை ஆங்கிலத்தில் ஏதோ குசுகுசுத்தார்கள். நான் கவனிக்கவில்லை. ஒரு ஜெர்மன்காரனுக்கு நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

மால்டாப் பாஷை பாதி தமிழ், தெரியுமோ? படித்தவர்கள் மறைத்துவிட்டார்கள். இல்லை என்பதற்கு அவர்கள் 'லே' என்பார்கள். எங்கள் 'இல்லே'யின் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்திருக்கிறார்கள். ஓம் என்பதற்கு 'இவ' என்பார்கள், கொஞ்சம் இழுத்து. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் வினை வந்தது.

அந்தத் தீவுச் சந்தையில் ஒரு கடைக்காரனுக்கு நல்ல தக்காளியாய்ப் பார்த்துத் தெரிந்தெடுப்பது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால் அக்கா இல்லை. அவவின் போன் என் சட்டைப் பையில். இங்கே ஆக்லாந்தில் த்ரீ கிங்ஸ் கடைகளுக்குக்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற மனுசி! எனக்குப் பயம் கிடையாது, உனக்குத் தெரியும். சந்தையை மூன்று தரம் ஓடிச் சுற்றினேன். தேகப்பயிற்சி.

சந்தை ஓரத்து வாங்குப் பலகையில் ஒரு கிழவர் இருந்தார். என் அக்கா, நீலச் சேலை, இவ்வளவு உயரம், கண்டீரோ என்று ஆங்கிலத்தில் கேட்டேன். 'இவ, இவ' என்றார். ஓமையா, இவதான், எங்கே என்றேன். திரும்பவும் 'இவ'. எனக்குக் கொதி வந்துவிட்டது. இவ இவ என்கிறீர், இவ எங்கே ஐயா போனவ என்று தமிழிலேயே கத்தினேன். நான் இவ என்று சொல்லச் சொல்ல, அந்த மனுசன் நான் தன்னோடு ஒத்துக்கொள்கிறேன் என்று சந்தோசப்பட்டு இன்னும் பலமாக 'இவ' என்றார். முழுத் தீவும் கூடிவிட்டது. கடைசியில் தக்காளிக்காரன் ஓடிவந்து, அவர் ஓம் என்கிறார், கண்டவராம், மாதா கோயில் பஸ்ஸில் ஏறினவவாம் என்று விளக்கம் சொன்னான்.

அடுத்த பஸ்ஸில் நானும் போனேன். வயல் நடுவில் தனியாக நிற்கிற பெரிய கோயில். உள்ளே ஒரு பக்கத்து அறை. அதன் சுவர் முழுக்கக் குழந்தைச் சட்டைகள், பிள்ளை. குட்டிக் குட்டிச் சட்டைகள். நேர்த்தி வைத்துப் பிழைத்த பிள்ளைகளின் உடுப்பைத் தாய்மார் கொண்டுவந்து விட்டுப் போவார்களாம். எங்கள் ஆட்கள் மடுமாதாவுக்கு வைக்கிற நேர்த்தி மாதிரி. படகுக் கிழவி குசுகுசுத்தது இதைத்தான்.

அக்கா அங்கே நிற்கிறா. ஒரு வெள்ளைச் சட்டையின் கையை ரெண்டு விரலால் பிடித்திருக்கிறா. முன்னால் கோயில் பார்க்கிற அம்மா ஒருத்தி 'லே, லே' என்று கையை ஆட்டுகிறா. எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக்கூடாது, நல்லாய் வளர்ந்த பிள்ளை போட்ட பழஞ்சட்டைதான் முதலில் என்பது எங்கள் வழக்கம். பிழைத்த பிள்ளைகளின் சட்டைகள் இத்தனை ஒரே இடத்தில் கண்டால் விடுவாவோ? ஒன்றைத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறா. அவர்களுக்கு அது மாதாவின் சொத்து. வைக்கலாம், எடுக்கக்கூடாது.

என்னைக் கண்டதும் அக்கா கேட்டது ஒன்றுதான். மூர்த்தி, எத்தனை மாசம்?

சத்தியமாக நான் சொல்லவில்லை. எனக்கு மட்டும் என்று நீ சொன்னதை நான் ஒரு குருவிக்கும் சொல்லவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று அக்காவைக் கேட்டேன். கொஞ்ச நாளாய் நீ வாயை மூடிக்கொண்டு திரியிறாய், நீ வாயை மூடினால் அது சின்ன விசயமாய் இராது என்றா. ஐந்து என்றேன். தலையை ஆட்டினா. பிறகு அந்தச் சட்டைக் கையைத் தடவிச் சுருக்கம் எடுத்து, ஆணியில் நேராக விட்டா. 'லே, லே' சொன்ன அந்த அம்மாவே வந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டா. அக்கா அழவில்லை. நானும் அழவில்லை. பழைய கோயில், மூக்கில் தூசி.

திரும்பி வரப் பிந்திவிட்டது. கப்பல் கட்டின கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். கப்டன் என்னைத் தூரத்தில் கண்டு, மூர்த்தி வருகிறார், திரும்பக் கட்டுங்கள் என்று உத்தரவு போட்டார். இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது என்று அக்கா சொல்லுவா. அவ கண்ணாடி போடவில்லை.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தன் பழைய வொயில் சேலைகளை வெட்டித் தைக்கிறா. என்ன அக்கா என்றால், கை துடைக்கிற துணி என்கிறா. கை துடைக்கிற துணிக்கு ரெண்டு கையும் கழுத்தும் எதற்கு? நான் கேட்கவில்லை. வயது வர வர எனக்குப் புத்தியும் வருகிறது.

அக்கா, ஒரு எட்டு டனீடினுக்குப் போய்வருவமோ என்று நேற்றுக் கேட்டேன். செத்தவீட்டுக்குத்தான் சொல்லாமல் போறது, நல்ல காரியத்துக்கு வீட்டுக்காரர் சொல்ல வேணும் என்றா. சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தா. கோத்தது விழ விழத் திரும்பக் கோத்தா. நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.

பிள்ளை, உனக்கும் உன் பக்கத்தில் நியாயம் இருக்கும். அதை நான் கேட்கவில்லை. நீ மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், விளக்கம் சொல்லவும் வேண்டாம். அம்மா, வாங்கோ என்று மட்டும் சொல்லு. அவவின் போனுக்கே எடுத்துச் சொல்லு, எனக்கு எடுக்காதே. அவ உடனே ஓம் என்று சொல்லமாட்டா. பாப்பம் என்பா. குரலும் கொஞ்சம் கடினமாக இருக்கும். நீ பயந்து போனை வைத்துவிடாதே. கப்பலால் கொண்டுவந்த சூட்கேஸை அவ இன்னும் அலுமாரிக்கு மேலே ஏற்றவிடவில்லை.

நீயும் பிள்ளையும் சுகப்பிரசவத்தில் ரெண்டு உயிராய்ப் பிரிந்து நூறு வருசம் வாழவேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. வாசல் கேற் திறக்கிற சத்தம் கேட்கிறது. முடிக்கிறேன்.

உன்னைத் தோளில் தூக்கித் திரிந்த,
மாமா ஏரம்பமூர்த்தி